ஆ காட்டு

திறக்கமாட்டான். டாக்டர் கேட்டாலும் திறக்கமாட்டான், எனக்குத் தெரியும். என் மடியில் உட்கார்ந்திருக்கிற செழியனின் உதடுகள் ஒன்றின்மேல் ஒன்று அழுந்தி ஓரத்தில் வெளுத்துப்போய் இருக்கின்றன, சனிக்கிழமையிலிருந்து இப்படித்தான். கிளினிக் சுவர் முழுக்க முயலும் கரடியும் வரைந்திருக்கிறார்கள், கரடியின் வாய் மட்டும் பெரிதாகத் திறந்து பல் தெரிகிறது, அவன் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறான். என்ன நினைக்கிறானோ. ஐந்து வயதுப் பிள்ளை நினைப்பதெல்லாம் அப்படியே வாய்வழியாக வந்துவிடும் என்று நம்பியிருந்தேன், இவன் தூக்கத்தில்கூடப் பேசுவான், ஸ்கூல் வேன் டிரைவர் "வாயாடி வர்றாரு, வழிவிடுங்கப்பா" என்றுதான் கதவைத் திறப்பார். இப்போது சத்தமே இல்லை. கழுத்தில் கை வைத்தால் அனல். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் சின்ன நெல்லிக்காய் மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது, தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் எச்சில் விழுங்கும்போது தோள் இரண்டும் மேலே ஏறி இறங்குகிறது, அதைப் பார்த்துக்கொண்டே நானும் விழுங்குகிறேன், எனக்கும் இறங்கமாட்டேன் என்கிறது. எனக்குப் பயம் எப்போதும் தொண்டையில்தான் வந்து உட்காரும். பரீட்சைக்கு முந்தின நாள், என்னைப் பெண் பார்க்க வந்த நாள், பிரசவ வார்டு, எல்லாமே அங்கேதான். அதனால் என்னுடையதைப் பற்றிக் கவலை இல்லை. இவனுடையதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால்தானே தெரியும், பார்ப்பதற்குத் திறந்தால்தானே.

பக்கத்தில் பூப்போட்ட நைட்டிமேல் துப்பட்டா போட்டுக்கொண்டு வந்திருக்கிற அம்மாவின் மடியில் ஒரு பெண் குழந்தை ஓயாமல் இருமுகிறது. "உங்க பையனுக்கு என்னங்க?" என்றாள் அந்த அம்மா. தொண்டை என்றேன். "ஐஸ்கிரீமா?" என்றாள். எல்லோருக்கும் முதலில் அதுதான் வருகிறது. ஓசூரிலிருந்து இவன் அப்பாவும் வியாழக்கிழமை போனில் அதைத்தான் கேட்டார், "ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தியா?" ஏதோ நான் ஒளித்து வாங்கிக் கொடுத்த மாதிரி. இல்லைங்க என்றேன். "அப்ப ஃபிரிட்ஜ் தண்ணியா?" இல்லைங்க. "அப்ப எப்படி வரும்?" எப்படி வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் வரவிட்டிருப்பேனா. அந்த அம்மா என் பதிலுக்குக் காத்திராமல், "இருமல் இல்லையே, நீங்க குடுத்து வச்சவங்க, இவ ராத்திரி முச்சூடும் லொக்கு லொக்குனு உசுர எடுக்கிறா" என்றாள். அந்தக் குழந்தை உடனே அம்மாவுக்கு ஒத்துழைப்பதுபோல் இன்னொரு தரம் இருமியது. ஆமாம், இருமல் இல்லை. சளி இல்லை, மூக்கு ஒழுகவில்லை. நான்கு நாளாக இந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். காய்ச்சல் மட்டும்தான், தொண்டை மட்டும்தான், இருமல் இல்லை, அப்படியானால் நெஞ்சுக்கு இறங்கவில்லை. நெஞ்சுக்கு. அந்த வார்த்தையை நினைத்தவுடன் ஜெசிந்தா வந்துவிடுகிறாள். வேண்டாம், இப்போது வேண்டாம், கரடியைப் பார், முயலைப் பார். முயலுக்கு ஒரு காது சரியாக வரையவில்லை.

ஜெசிந்தா மேரி எங்கள் கான்வென்ட் ஹாஸ்டலில் இருந்தாள், ஆறாம் வகுப்பில் என் பெஞ்ச். பி.டி. பீரியடில் நாங்கள் எல்லோரும் ஓடும்போது நாகலிங்க மரத்தடியில் எங்கள் வாட்டர் பாட்டில்களைக் காவல் காத்தபடி உட்கார்ந்திருப்பாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிஸ்டரோடு ஆஸ்பத்திரிக்குப் போய் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வருவாள், கையில் ஆரஞ்சு மிட்டாய் இருக்கும், அதைப் பாவாடை நுனியில் சுற்றிக் காக்காய்க்கடி கடித்து எனக்குப் பாதி தருவாள். எதுக்குடி ஊசி என்று நான் அவளைக் கேட்கவில்லை, சிஸ்டர் பெர்னதெத்தைக் கேட்டேன். "சின்ன வயசுல தொண்டை வலி வந்துச்சு, யாரும் கவனிக்கலை, அது நெஞ்சுக்குப் போயிடுச்சு, ஹார்ட்டுக்கு" என்றார் சிஸ்டர், ஏதோ ஒரு பிள்ளை வகுப்பு மாறிப் போய்விட்டதைச் சொல்வதுபோல. பிப்ரவரியில் புனித பிளேசியார் திருநாளன்று ஃபாதர் வருவார். இரண்டு மெழுகுவத்திகளைக் குறுக்காக வைத்து சிவப்பு ரிப்பனால் கட்டியிருக்கும், எங்கள் ஒவ்வொருவர் தொண்டையிலும் அதைத் தொடுவித்துத் தொண்டை நோய் அண்டாமலிருக்க ஜெபிப்பார். இந்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, நான் நின்றேன், அந்த மெழுகின் குளிர்ச்சிக்காகவே நின்றேன். ஜெசிந்தாவிடம் மட்டும் ஃபாதரின் கை கொஞ்ச நேரம் கூடுதலாக இருக்கும். அவள் கண்ணை மூடாமல் மெழுகுவத்தியையே பார்ப்பாள், திருட்டு எல்லாம் ஆன பிறகு பூட்டுகிற கதவைப் பார்ப்பதுபோல. ஒன்பதாம் வகுப்பு ஆரம்பத்தில் அவள் வரவில்லை. ஊருக்குப் போயிட்டா என்றார்கள். எந்த ஊர், என்ன ஆச்சு என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, கேட்பதற்கு வாயைத் திறக்கவே எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ். வராந்தாவில் நடக்கும்போது, பிரேயர் ஹாலில், ஏன், சாப்பாட்டு வரிசையில்கூட. இன்னும் சிரிப்பு வந்தால் என் கை தானாக வாய்க்குப் போகிறது. "ஏன் வாயைப் பொத்துற, பல்லு அழகாத்தானே இருக்கு" என்பார் இவன் அப்பா, கல்யாணமான புதிதில்.

"முகமது ரிஃபாத்!" என்று நர்ஸ் கூப்பிட்டார், நான் எழுந்துவிட்டேன். பெயர் எங்களுடையது இல்லை, ஆனாலும் யாராவது வெள்ளை உடுப்பில் வந்து குரல் கொடுத்தால் என் கால் எழுந்து நின்றுவிடும். உட்கார்ந்தேன். செழியன் என் முந்தானையைப் பிடித்திருக்கிறான், பிடித்திருக்கிறானே ஒழிய சாயவில்லை. காய்ச்சல் வந்தால் என் கழுத்தில் முகம் புதைத்துக்கொள்கிற பிள்ளை, நேராக முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறான், பஸ்ஸில் தெரியாதவர் மடியில் உட்காருவதைப்போல. சனிக்கிழமைதான். சனிக்கிழமை மத்தியானம் மாடியிலிருந்து தனபாக்கியம் அக்கா இறங்கி வந்தார், வீட்டுக்காரர் மனைவி, நல்லவர்தான், இவன் பிறந்தபோது பதினோரு நாளும் பத்தியச் சாப்பாடு அனுப்பியவர். "கஞ்சி உள்ள போகலையா? அப்ப உள்நாக்கு இறங்கியிருக்கும்மா. இதுக்குப் போய் டாக்டருக்கா தண்டம் அழுவே? எங்க வீட்டுல நாலு பிள்ளைக்கும் நான்தான் ஏத்திவிட்டேன்" என்றார். முதலில் உச்சியில் ஒரு கொத்து முடியைப் பிடித்துச் சுண்டி இழுத்தார், டொக்கென்று சத்தம் கேட்கவேண்டுமாம், கேட்டால் உள்நாக்கு ஏறிவிட்டதாம். கேட்கவில்லை. இவன் கத்தியது மட்டும்தான் கேட்டது. அப்புறம் என் சமையலறையிலேயே உப்பையும் மிளகுப்பொடியையும் குழைத்து ஸ்பூனின் காம்பு நுனியில் எடுத்துக்கொண்டார். "கையப் பிடிச்சுக்க" என்றார். பிடித்துக்கொண்டேன். பி.எஸ்சி. ஜுவாலஜி படித்தவள், உள்நாக்கு என்றால் என்ன, அது எங்கே தொங்குகிறது என்று படம் போட்டுப் பாகம் குறித்தவள், இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அக்கா சொன்னால் மறுக்க முடியாது என்பதா, அடுத்த மாதம் அக்ரிமென்ட் புதுப்பிக்க வேண்டும் என்பதா, இல்லை அவர் குரலில் அத்தனை உறுதி இருந்ததா, என்னிடம் இல்லாத உறுதி. ஸ்பூன் உள்ளே போனபோது செழியன் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். அக்கா நல்ல மனசோடுதான் செய்தார், வெளியே வந்த ஸ்பூனை அவரே கழுவியும் வைத்தார். அப்போது மூடிய வாய்.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து ஸ்பூனைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறான். டம்ளரில் கஞ்சி கொடுத்தால் என் முகத்தைப் பார்க்கிறான், நான் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். காரமில்லை, உப்பில்லை, பார், அம்மா குடிக்கிறேன் பார். நான் விழுங்கியதும் என் தொண்டை இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அவன் உதடு டம்ளருக்கு வருகிறது. எனக்கு ஒரு வாய், அவனுக்கு ஒரு வாய். நேற்று முழுக்க அப்படி. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இல்லை. அவனுக்கு விழுங்க எத்தனை கஷ்டமோ எனக்கும் அத்தனை கஷ்டமாக இருந்தது, பெற்றவள் இல்லையா, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் மிச்சம் வைத்ததையும் நானே குடித்தேன், அது எப்போதும் உள்ளதுதான், இவன் சோறு தின்ன ஆரம்பித்த நாளிலிருந்து இவன் மிச்சம்தான் எனக்கு முதல் கவளம். தூங்கும்போது வாய் கொஞ்சம் திறந்தது. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். சிவப்பு, இருட்டு, அதற்குள் ஓரமாக வெள்ளையாக ஏதோ. கஞ்சியாக இருக்கலாம். வெளிச்சம் எச்சிலில் பட்ட பளபளப்பாக இருக்கலாம். அதற்குள் முழித்துக்கொண்டு என் கையில் இருந்ததைப் பார்த்தான், செல்போன்தான், ஸ்பூன் இல்லைடா என்றேன், அழக்கூட இல்லை, மூடிக்கொண்டான். அப்புறம் அதே செல்போனில் தேடினேன், தேடியிருக்கக் கூடாது, வெள்ளை என்று போட்டால் அது என்னென்னவோ சொல்லிற்று. எல்லா வழியும் சுற்றிச் சுற்றி நாகலிங்க மரத்தடியிலேயே கொண்டுபோய் விட்டது. செழியன் அங்கே உட்கார்ந்திருக்கிறான், மடியில் மற்ற பிள்ளைகளின் வாட்டர் பாட்டில்கள்.

"செழியன்!" இந்தத் தடவை எங்கள் பெயர்தான். டாக்டர் மெஹ்ருன்னிஸாவின் மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் டைனோசரும் வெற்றிலைப்பெட்டி அளவில் ஒரு எடை மிஷினும் இருந்தன. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "வாங்க சார்" என்றார், என்னை இல்லை, இவனை. "என்ன சார், வாய்க்குப் பூட்டுப் போட்டு வந்திருக்கீங்க? சாவி அம்மாகிட்டயா?" நான் சொல்ல ஆரம்பித்தேன், வியாழக்கிழமை காய்ச்சல், தொண்டை, சாப்பாடு இறங்கவில்லை, இருமல் இல்லை டாக்டர், நல்லவேளை இருமல் மட்டும் இல்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். "இருமலே இல்லையா? சளி, மூக்கு ஒழுகல்?" இல்லவே இல்லை என்றேன், பாஸ் ஆகிவிட்ட குரலில். "இருந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்மா" என்றார். "இருமல், சளியோட வர்ற தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ். தானா வரும், தானா போகும், மருந்தே வேணாம். இருமல் இல்லாம, காய்ச்சலும் கழுத்துல நெறியும் கட்டிக்கிட்டு வந்தா நான் உள்ள பார்த்தே ஆகணும்." என் கையிலிருந்து ஏதோ நழுவிற்று. நான்கு நாளாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிறு. எச்சில் ஒழுகுகிறதா, மூச்சு விடச் சிரமப்படுகிறானா, கழுத்தைத் திருப்புகிறானா என்று கேட்டார், இல்லை, இல்லை, திருப்புகிறான். "ஆ காட்டுங்க சார்." உதடு இன்னும் வெளுத்தது. மாட்டான் டாக்டர் என்று சொன்னேன், உப்பைச் சொன்னேன், ஸ்பூனைச் சொன்னேன், யார் கையைப் பிடித்தது என்பதையும் சொல்லிவிட்டேன், சொல்லும்போது இங்கிலீஷுக்குப் போய்விட்டேன், வெட்கமான விஷயம் எனக்கு இங்கிலீஷில்தான் வரும். அவர் என்னைத் திட்டவில்லை. "உள்நாக்கு எங்கேயும் இறங்காது. அதோட வேலையே தொங்குறதுதான்" என்றார். "உப்பு நல்லதுதான், வெந்நீர்ல போட்டுக் கொப்பளிக்க. குத்துறதுக்கு இல்லை. உங்க ஹவுஸ் ஓனர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க." பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து இவன் முன்னால் நீட்டினார். "ஸ்பூன் இருக்கா சார்? பாருங்க. இல்லையில்ல?" மேஜை டிராயரைக்கூடத் திறந்து காட்டினார். அவன் எட்டிப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான், கஞ்சி டம்ளருக்குப் பார்ப்பானே, அதே பார்வை.

டாக்டருக்கு அது புரிந்துவிட்டது. "ஓ, அம்மா முதல்லயா? சரி, அம்மா, நீங்க ஆ காட்டுங்க." நானா. என் கை வாய்க்குப் போய்விட்டது. கதவு திறந்திருக்கிறது, வெளியே நைட்டி அம்மாவுக்குக் கேட்கும், நர்ஸ் நிற்கிறார். கொஞ்சம் திறந்தேன். டாக்டர் சிரித்தார், "இது கான்வென்ட் ஆ. எனக்குத் தெரியும், நானும் அதே கேஸ்தான். கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும், சத்தமா." பென்சில் மாதிரி இருந்த டார்ச்சை எடுத்து செழியன் கையில் கொடுத்து, "நீங்கதான் டாக்டர். என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்றார். கையை எடுத்தேன். ஆ என்றேன். வராந்தா முழுக்க, பிரேயர் ஹால் முழுக்க, சாப்பாட்டு வரிசை முழுக்கப் போகிற மாதிரி ஒரு ஆ எனக்குள்ளிருந்து வந்தது, வரும்போது கிழித்துக்கொண்டு வந்தது. செழியன் என் மடியில் முட்டிபோட்டு எழுந்து, ஒரு கையை என் கன்னத்தில் ஊன்றி, மூக்கில் மூக்கு இடிக்க உள்ளே பார்த்தான். அவன் மூச்சு என் நாக்கின்மேல் சூடாகப் பட்டது. "செவப்பா இருக்கு" என்றான். சனிக்கிழமைக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை, கரகரவென்று, கிழவன் குரலில். "அப்புறம் சார்?" "வெள்ளையா பொட்டு பொட்டா இருக்கு." டாக்டர் சிரித்துக்கொண்டே, "பொட்டா? எங்க பார்ப்போம்" என்று குனிந்தார். சிரிப்பு நின்றது. கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "கரெக்ட்டா சொன்னீங்க டாக்டர் சார்" என்று அவனிடம் சொல்லிவிட்டு என் தாடைக்குக் கீழே விரலை வைத்தார், வலித்தது, நெல்லிக்காய், எனக்கும். "எத்தனை நாளா விழுங்க முடியலை?"

நேற்றிலிருந்து என்றேன். பயம் என்று நினைத்தேன் டாக்டர், எனக்குப் பயம் வந்தால் தொண்டையில்தான். "பயத்துக்கு வெள்ளைப் பொட்டு வராதும்மா" என்றார். "அவன் மிச்சத்தையெல்லாம் நீங்கதான் சாப்பிடுவீங்க, இல்லையா? எந்த வீட்டுல இல்லை." எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை. யாரும் திட்டவில்லை. செழியன் என் முகத்தைப் பார்த்தான், டார்ச்சை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தான், பிறகு யாரும் கேட்காமலே திறந்தான். கரடியைவிடப் பெரிதாக. அதே சிவப்பு, அதே பொட்டு. டாக்டர் பஞ்சு சுற்றிய குச்சியால் அவன் தொண்டையில் ஒரு தொடல், வேறு குச்சியால் என் தொண்டையில் ஒரு தொடல், இருவரும் ஒரே மாதிரி குமட்டினோம், அவன் சிரித்துவிட்டான். நர்ஸ் இரண்டு குச்சிகளையும் ஆளுக்கொரு குழாயில் போட்டுத் தட்டில் வைத்தார், ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக விழுந்து கிடந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லாம் ஆன பிறகும். ஜெசிந்தாவுக்காகக் கேட்டேனா, இவனுக்காகக் கேட்டேனா, கேட்டுவிட்டேன், தமிழிலேயே. "இது நெஞ்சுக்குப் போகுமா டாக்டர்?" அவர் எழுதுவதை நிறுத்தினார். "கவனிக்காம விட்டா சில பிள்ளைகளுக்குப் போகும். எல்லாருக்கும் இல்லை. மருந்து முழுசா உள்ள போனா போகாம தடுத்துடலாம். மூணாம் நாளே இவரு ஓடி விளையாடுவாரு, நல்லாயிட்டான்னு நிறுத்திட்டு மிச்ச சிரப்பை அடுத்த தடவைக்குன்னு ஃபிரிட்ஜ்ல எடுத்து வைப்பீங்க. அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றீங்க. பத்து நாள். ரெண்டு பேரும். டெஸ்ட் ரிசல்ட் நாளைக்கு வரும், வேற மாதிரி வந்தா நானே நிறுத்தச் சொல்றேன், நீங்களா நிறுத்தக் கூடாது." வெளியே வரும்போது நைட்டி அம்மா, "என்னங்க, உள்ள யாரு அப்படிக் கத்துனது, பிள்ளையா?" என்றாள். நான்தான் என்றேன்.

இப்போது இவன் தூங்குகிறான், என் கழுத்தில் முகத்தை வைத்திருந்தவனை மெல்ல நகர்த்திவிட்டு எழுதுகிறேன், இவனுடைய ரஃப் நோட்டின் பின்பக்கத்தில். இவன் அப்பா போன் செய்தார், சொன்னேன், "உனக்குமா? நீ எப்ப ஐஸ்கிரீம் சாப்பிட்ட?" என்றார். வாயைப் பொத்தாமல் சிரித்தேன், வலித்தது. தனபாக்கியம் அக்கா எட்டிப் பார்த்தார், டாக்டர் சொன்னதைச் சொன்னேன், "தொங்குறதுதான் வேலையாமா? படிச்ச டாக்டரு சொன்னா சரி" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார், கொஞ்ச நேரத்தில் ரசம் கொடுத்தனுப்பினார், மிளகு போடாமல். பயம் போய்விட்டது என்று எழுத முடியாது. தூங்குகிறவன் மார்பில் காதை வைத்துக் கேட்டேன், லொட் லொட்டென்று ஒழுங்காகத்தான் அடித்தது, ஒழுங்கு என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும். ரிசல்ட் நாளைக்குத்தான். ஜெசிந்தா இப்போது எங்கேயாவது ஒரு ஊரில் தன் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம், அப்படியும் இருக்கலாம்தானே, இத்தனை வருஷத்தில் அப்படி ஒருமுறைகூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. சிரப் கொடுக்கும்போது பாட்டில் மூடியில்தான் ஊற்றினேன், ஸ்பூன் எடுக்கவில்லை. மூடியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், என் மாத்திரையைக் காட்டி "நீ முதல்ல" என்றான். போட்டுக்கொண்டேன். விட்டானா, அடுப்படி டார்ச்சை எடுத்துவந்து, "அம்மா, ஆ காட்டு" என்றான். காட்டினேன். உள்ளே நன்றாகத் தேடிவிட்டு, "மாத்திரை போயிடுச்சு" என்று சொல்லி அவனுடையதைக் குடித்தான். இன்னொரு வாய் தண்ணீர் எடுத்து நானும் விழுங்கினேன். வலித்தது. வெறும் வலிதான்.